துவக்கும் தொலைகாட்டியும்

தமிழிலே ‘துவக்கு’ என்னும் சொல் இருவேறு வாழ்வு வாழ்கின்றது. ஏட்டில் அது தொடங்குதலைக் குறிக்கும் வினை. யாழ்ப்பாணத்தார் நாவில் அது வெடிகருவியின் பெயர். தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். மருந்தைக் குழலுள் இட்டு இடித்து நிரப்பும் பழைய துவக்கு வன்னியிலே ‘இடியன்’. காட்டுப்பன்றி வரும் தடத்திற் கட்டி வைப்பது ‘கட்டுத்துவக்கு’. பெயர் வைத்தவர் எவராயினும் பொருளின் இயல்பை அறிந்தே வைத்திருக்கின்றார்.

இச்சொல்லைப் புத்தூரில் இருந்துகொண்டு எழுதும்போது பேனை சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. 1995 ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்தை நோக்கிய படைநகர்வு அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி என்று இவ்வழியாகவே சென்றது. அம்மாதத்தின் இறுதியில் வலிகாமத்து மக்கள் மூட்டை முடிச்சுக்களோடு தென்மராட்சிக்கு நடந்தனர். போர் 2009இல் முடிந்தது; ஆயினும் இவ்வூரிலே துவக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் மாறாத முதியோர் இன்றும் அரியர். இதனை அறிந்தே எழுதுகிறேன். நான் சொல்லப் புகுந்தது துவக்கைப் பற்றியன்று. அதன் முதுகில் ஏறியிருக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றி. ஒரு வேளைக்கு ஒரே சன்னத்தை இட்டுச் சுடும் தனிவெடி றைபிளின் மேலே தொலைகாட்டியைப் பொருத்துவதற்கு, வீட்டுப் பட்டறையிலேயே செய்துகொள்ளத்தக்க, திருகித் திருத்தத்தக்க ஏந்தி ஒன்று உண்டு. ‘தாங்கி’ என்று எழுதியிருப்பேன். நம் ஊரில் தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கியே முதலில் நினைவுக்கு வரும். ஆதலின் ஏந்தி என்கிறேன்.

இதிலே என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு கோடுகள் இருக்கின்றன. குழலின் நடுவே செல்வது ஒரு கோடு. தொலைகாட்டியின் நடுவே, குறுக்குக்கம்பிகள் வெட்டும் புள்ளியினூடே செல்வது மற்றொரு கோடு. இவ்விரண்டையும் ஒன்றற்கொன்று சமாந்தரமாக வைத்துவிட்டாற் போதும் என்றே முதலில் எவரும் எண்ணுவர். சன்னமோ குழலை விட்டு நீங்கிய கணத்திலிருந்து, காம்பு கழன்ற மாங்காயைப் போலவே, நிலத்தை நோக்கி விழுந்துகொண்டே செல்கிறது. விநாடிக்குச் சராசரி 330 மீற்றர் செல்லும் சிறு சன்னம் ஒன்று 100 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 0.3 விநாடி ஆகும். வகுப்பறையிலே நாம் எழுதிப் போடும் அதே வாய்பாட்டின்படி அந்நேரத்தில் அது 44 சென்ரிமீற்றர் விழுந்துவிடும். இலக்கு ஒரு தென்னங்குரும்பையாயின், சன்னம் அதற்குக் கீழே வெறுங்காற்றை அன்றோ துளைக்கும்? ஆகவே தொலைகாட்டியின் பின்முனையைச் சற்று உயர்த்த வேண்டும். உயர்த்தினால் பார்வைக்கோடு குழலை நோக்கிச் சாயும். இலக்கைப் பார்க்க விரும்பும் மனிதன் தன்னையறியாமலே குழலை மேல்நோக்கித் தூக்குவான்.

எவ்வளவு உயர்த்துவது? தொலைகாட்டியைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களும் 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருப்பின், பின்வளையம் உயர வேண்டியது 0.88 மில்லிமீற்றர். சாதாரண அச்சுத்தாள் ஒன்பதை அடுக்கினால் அவ்வளவு தடிப்பு. பழைய வேட்டைக்காரர் பலர் இதனைத் தகரத்துண்டுகளைச் செருகியே முடித்திருக்கின்றனர். ஒரு தூரத்துக்கு அது போதும். 50 மீற்றருக்கு வேறு, 100 மீற்றருக்கு வேறு என்று வந்தால், தகரம் செருகிக் கழற்றியே பொழுது போய்விடும். அங்கேதான் திருகாணிக்கு வேலை பிறக்கிறது.

கோணத்தை அளக்கும் சொற்களை நாம் இன்று பாடநூலிலே தேட வேண்டியதில்லை. பஞ்சாங்கத்தைத் திறந்தாற் போதும். பாகை, கலை, விகலை என்று கிரகநிலைகளைக் குறித்து வைத்திருக்கின்றார்கள். ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. இலக்குச் சுடுவோர் உலகெங்கும் வழங்கும் அலகு இந்தக் கலையே. 100 யார் தூரத்திலே ஒரு கலை என்பது ஓர் அங்குலத்தைச் சற்றே கடந்த நீளம், 1.05 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் அங்குலமும் வழங்கிய நாட்டார்க்கு இந்தப் பொருத்தம் தானாக வந்து வாய்த்த வரம். மேலே கண்ட 44 சென்ரிமீற்றர் வீழ்ச்சிக்கு வேண்டிய சாய்வு 15 கலை. அதாவது பாகையிற் காற்பங்கு!

இனி ஏந்தியின் உறுப்புக்களைப் பார்ப்போம். முன்வளையம் தொலைகாட்டியைப் பிடித்திருக்க வேண்டும், இறுக்கிவிடக் கூடாது. கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி அது அசைவுக்கு இடங்கொடுக்கும் ஊன்றுபுள்ளி. நீரிறைக்கும் யந்திரத்திலே பொசிவைத் தடுக்க இடும் இறப்பர் வளையம் ஒன்றை உள்ளே வைத்தால் இந்தக் காரியம் முடிந்தது. பின்வளையம் தொலைகாட்டியைவிட அகன்றது. அதன் மேலிருந்து ஒரு திருகாணி, பக்கத்திலிருந்து ஒரு திருகாணி. இவ்விரண்டுக்கும் எதிரே, மூலைப்பக்கமாக, ஒரு விற்சுருள். மேலாணி உயரத்துக்கு, பக்கவாணி இடம் வலத்துக்கு. விற்சுருள் எந்நேரமும் குழாயை இரு ஆணிகளின் நுனியோடும் சேர்த்து அழுத்திக்கொண்டே நிற்கும். இந்த விற்சுருளின் அருமையைக் கருவி கையாண்டோரே அறிவர். எந்தப் புரியிலும் சிறிது வெறுமை உண்டு. திருகாணியை ஒரு பக்கம் திருப்பி மறுபக்கம் திருப்பினால் முதற் சிறுபகுதி வீணாகும். ஆய்கூடத்திலே நுணுக்குமானி பிடித்த மாணவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வில் அந்த வெறுமையை விழுங்கிவிடுகிறது.

திருகாணி எத்தகையது என்பதே அடுத்த கேள்வி. என் மனம் அதிகம் தங்குவதும் அங்கேயே. 6 மில்லிமீற்றர்ச் சாதாரண ஆணி ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீற்றர் முன்னேறும். 20 சென்ரிமீற்றர் இடைவெளியுள்ள ஏந்தியிலே அதன் ஒரு சுற்று 100 மீற்றருக்கு அப்பால் அரை மீற்றர் விலகலாகும். விரல் சிறிது தடுமாறினால் குறி எங்கோ போய்விடும். சைக்கிள் சில்லின் கம்பி நுனியைப் பாருங்கள்: அங்குலத்துக்கு 56 புரி. ஒரு சுற்றுக்கு 0.45 மில்லிமீற்றர்தான். வீட்டிலே கிடைக்கும் மென்புரிகளுள் இது தலையாயது. ஆயினும் கம்பி மெலியது, வளைந்துவிடும்.

இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. ஒரே ஆணியில் இரண்டு புரிகளை வெட்டுவது. 6 மில்லிமீற்றர் ஆணியின் ஒரு பாதியைக் கடைந்து 5 மில்லிமீற்றராக்கி, அதிலே 0.8 மில்லிமீற்றர் இடைத்தூரமுள்ள புரியை வெட்டுக. பருத்த பகுதி அசையாத வளையத்தினுள்ளே திருகிச் செல்லும். மெலிந்த பகுதி, சுழல இடமின்றி நேரே நகரமட்டும் கூடிய ஒரு சிறு கட்டையினுள்ளே செல்லும். ஆணியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஆணி 1 மில்லிமீற்றர் முன்னே போகிறது. கட்டையோ ஆணியின்மீது 0.8 மில்லிமீற்றர் பின்னே இழுக்கப்படுகிறது. மிஞ்சுவது 0.2. இரண்டு முரட்டுப் புரிகளின் வேறுபாட்டிலே ஒரு நுண்புரி பிறந்துவிட்டது! நம் ஏந்தியில் அதன் ஒரு சுற்று 100 மீற்றரிலே சரியாகப் பத்துச் சென்ரிமீற்றர். ஆணியின் தலையிலே வட்டத்தகடு ஒன்றைப் பொருத்திப் பத்துப் பிரிவு கீறினால், ஒரு பிரிவுக்கு ஒரு சென்ரிமீற்றர். மலிவான இரும்பு; இரண்டு புரிவெட்டும் அச்சு; ஒரு பிற்பகல் வேலை. இதைவிட அழகான கணிதப் பாடத்தை நான் கரும்பலகையிலே நடத்தியதில்லை.

நிற்க. இவ்விடத்திலே ஓர் ஆங்கிலேயரின் பெயரைச் சொல்லாமற் போவது முறையன்று. ஜோசப் விற்வேர்த் 1841இல் திருகாணிகளின் புரிக்கு ஒரு பொதுவளவு வேண்டும் என்று முன்மொழிந்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு புரி. ஒருவர் ஆணி மற்றவர் சுரையில் ஏறாது. அவர் வகுத்த 55 பாகைப் புரி பிரித்தானிய யந்திரங்களிலெல்லாம் ஏறி, அவற்றோடு கப்பலேறி, இலங்கைக்கும் வந்தது. அதே விற்வேர்த் பின்னர் றைபிள் செய்யவும் புகுந்தார். அறுகோண வடிவிலே குழலின் உட்புறத்தைக் கடைந்த தனிவெடி றைபிள் அது. 1860 யூலை 2ஆம் நாள் விம்பிள்டன் திடலிலே விக்ரோறியா மகாராணி அதனைச் சுட்டுப் போட்டியைத் தொடக்கி வைத்தார். இரும்புத் தாங்கியிலே முன்கூட்டித் திருகி நிறுத்திய துவக்கின் விசையை ஒரு பட்டுக்கயிற்றால் இழுத்ததே அரசியார் செய்த காரியம். 400 யாருக்கு அப்பால் இலக்கின் நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலத்திலே சன்னம் பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு கலையின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. புகழ் யாருக்குப் போக வேண்டும் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

விற்வேர்த் றைபிளின் இடப்பக்கத்திலே பொருத்தப்பட்ட தொலைகாட்டி டேவிட் டேவிட்சன் என்பவரது. பம்பாய்ப் படையிலே சேவை செய்தவர் அவர். இந்தியாவில் இருந்த காலத்திலேயே துவக்கிலே தொலைகாட்டியை ஏற்றிப் பார்த்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே தென்மாநிலப் படையின் குறிகாரர் சிலர் இத்தகைய கருவியைக் கொண்டிருந்தனர். வேட்டைக்காகப் பிறந்த திருகாணி மனிதனை நோக்கித் திரும்ப அதிக காலம் செல்லவில்லை. இதனை மறைத்துவிட்டு ஏந்தியின் அழகைமட்டும் பாடுவது நேர்மையாகாது.

பின்னாளிலே அமெரிக்கர் வெளியேந்தியைச் செம்மைப்படுத்தினர். இரண்டு ஏந்திக்கும் இடையே 7.2 அங்குலம், அங்குலத்துக்கு 40 புரி, ஒரு சுற்றுக்கு 50 சொடுக்கு. ஒரு சொடுக்கு அரை ஆயிரத்திலொரு பங்கு அங்குலம், அஃதாவது காற்கலை. சுடும்போது துவக்கு பின்னே உதைக்கும். கனத்த தொலைகாட்டி தன் வளையங்களினுள்ளே வழுக்கி, இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் சுட்டவர் அதனைக் கையாற் பிடித்துப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்வார். அடுத்தடுத்துச் சுடும் துவக்குக்கு இந்தப் பொறுமை ஒவ்வாது. தனிவெடித் துவக்குக்கே பொருந்தும். காலப்போக்கிலே திருத்தும் பொறியைத் தொலைகாட்டியின் வயிற்றுக்குள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். ஏந்தி வெறும் வளையமாயிற்று. மழை புகாது, தூசி புகாது, எல்லாம் நன்றே. எனக்கென்னவோ இதிலே ஓர் இழப்பும் தெரிகிறது. வெளியிலிருந்த திருகாணியைப் பார்த்தவன் அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தமாத்திரத்தில் அறிந்தான். மூடிய குழாயைப் பார்ப்பவன் விலையைத்தான் அறிகிறான்.

துவக்கை விட்டுவிட்டு, தொலைகாட்டியையும் திருகாணியையும் மட்டும் எடுத்துக்கொண்டால், இக்கதையின் மிகச் சிறந்த அத்தியாயம் நமக்கு அண்மையிலே, தஞ்சாவூரில் நடந்திருக்கிறது. இந்திய உபகண்டத்தை முக்கோணங்களால் அளக்கப் புகுந்த வில்லியம் லாம்ற்றன், இலண்டனிலே கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைற்றை 1802இல் பெற்றார். வழியிலே பிரெஞ்சுக்காரர் அதனைக் கப்பலோடு கைப்பற்றி மொறிசியசுக்குக் கொண்டுபோய், இஃது அறிவியற் கருவி என்று கண்டபின் மரியாதையோடு அனுப்பி வைத்தனராம். ஏறத்தாழ அரைத் தொன் நிறை, மூன்றடி விட்டமுள்ள பித்தளை வட்டம், அதன்மேலே தொலைகாட்டி. குன்றிலிருந்து குன்றைப் பார்ப்பதே அளவைகாரர் வழக்கம். காவிரிச் சமவெளியில் குன்றேது? நம் வலிகாமத்தைப் போலவே அங்கும் எத்திசையும் மரத்தலைகள் பார்வையை மறிக்கும். ஆகவே அவர் கோயிற் கோபுரங்களை நாடினார். 1808இல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரிலே மோதி, வட்டம் வளைந்தது.

அந்த வட்டத்திலே ஒரு விகலை என்பது எவ்வளவு நீளம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: ஓர் அங்குலத்தைப் பதினாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தகைய கருவி சுவரில் மோதி வளைந்து கிடக்கிறது. இலண்டனுக்கு அனுப்பித் திருத்துவிப்பதாயின் ஆண்டுக்கணக்கிலே அளவை நின்றுபோகும். லாம்ற்றன் கூடாரத்துக்குள்ளே புகுந்தார். தொழிலாளர் சிலரை உடன் வைத்துக்கொண்டு, ஆப்பு, திருகாணி, கப்பி ஆகியவற்றாலே வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்தும் தள்ளியும் ஆறு கிழமை உழைத்து, அதனைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அதே கருவியோடு அளவை தொடர்ந்தது. விமானத்தை வியந்து எழுதியவர் ஆயிரம்; அதன் அடியிலே நடந்த இந்த ஆறு கிழமைத் தவத்தை எழுதியவர் தமிழிலே மிகக் குறைவு.

அடுத்த தலைமுறையிலே, ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொசின் உசேன் வருகிறார். சென்னையிலே நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்திருந்த கைவினைஞர். கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, ஜோர்ஜ் எவறெஸ்ற்றின் அளவைக் கருவிகளைப் பழுதுபார்த்தார். இங்கிலாந்திலிருந்து வருவிக்கப்பட்ட ஹென்றி பறோ என்னும் கருவியாக்குநர் நீங்கியபின், 1843இல் அந்தப் பதவியே அவருக்குக் கிடைத்தது. நகை செய்த கை விகலையை அளக்கும் கருவியைச் செய்தது. இமயத்தின் உயர்முடி எவறெஸ்ற்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் கண் வைத்துப் பார்த்த கருவியைச் சீர்செய்து கொடுத்தவர் பெயரை நம் மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்பார் இல்லை.

நம் ஊரிலே அத்தகைய கைகள் இல்லாமற் போயினவா? 1990களிலே மின்சாரமும் மண்ணெண்ணெயும் அற்றிருந்த யாழ்ப்பாணத்தை எண்ணிப் பாருங்கள். ஜாம் போத்தலிலே சிறிது எண்ணெயும் பருத்தித் திரியும் இட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னிலே வானொலிச் செய்தி கேட்டோம். மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தேவை கற்பித்த இந்த வித்தைகளை எந்தப் பாடத்திட்டமும் எழுதி வைக்கவில்லை. கற்ற கைகளுட் பல கடல் கடந்தன. பல மண்ணுக்குள் போயின.

இந்த ஏந்தியை நான் செய்வித்த வரலாறும் இங்கே சொல்லத்தக்கதே. எனக்குத் துவக்கு இல்லை; வேண்டியதுமில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி அதனை வைத்திருப்பது குற்றம் என்பதையும் யாவரும் அறிவர். குழலுக்குப் பதிலாக மூன்றடி இரும்பு நீர்க்குழாய். அதன் பின்முனையிலே ஊசித்துளையிட்ட தகரம். முன்முனையிலே பழைய மின்மோட்டரின் மெல்லிய செப்புக்கம்பி இரண்டு குறுக்காக. குழாயினூடே பார்த்தால் ஒரு கோடு. மேலே ஏந்தியில் இருக்கும் சிறு தொலைகாட்டியினூடே பார்த்தால் மற்றொரு கோடு. இரண்டையும் 100 மீற்றருக்கு அப்பால் பனையிற் கட்டிய வெள்ளைத் தட்டில் சந்திக்க வைக்க வேண்டும்.

கடைச்சல் வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் படத்தைக் கொண்டுபோனேன். பார்த்தவுடனே அவர் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார்.

“சேர், இது துவக்குச் சாமானெல்லோ?”

“துவக்குக்குப் பூட்டலாம், தம்பி. நான் பூட்டப் போறது தண்ணிக் குழாயிலை.”

“ஆமிக்காரன் கேட்டா அப்பிடியே சொல்லுறது?”

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனினும் கேள்வி சிரிப்பன்று. அவர் பிறந்தது இடப்பெயர்வின்போது. அவர் தந்தையும் கடைச்சற் பட்டறை வைத்திருந்தவர். எந்த இரும்பை எதற்காகக் கடைந்தாய் என்ற கேள்விக்கு இரு பக்கத்துக்கும் விடை சொல்ல வேண்டியிருந்த காலத்திலே அந்தப் பட்டறையை மூடியவர். ஆகவே நான் படத்தை வற்புறுத்தாமல், இரட்டைப் புரியின் கணக்கைமட்டும் ஒரு தாளிலே எழுதிக் காட்டினேன். ஒன்றிலிருந்து 0.8ஐக் கழிக்கும் அந்த வரியை அவர் இரண்டு முறை வாசித்தார். “அப்ப மூண்டு சுத்துக்கு அரை மில்லிமீற்றரும் கூட இல்லை” என்றார், அருகிலிருந்த ஆணியை எடுத்து விரலாற் சுழற்றிப் பார்த்தபடி. மூன்று சுற்றுக்கு 0.6 என்று நான் திருத்தியதும் முகம் மலர்ந்தது. மறுநாட் காலையிலே ஆணியைத் தாமே வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். கூலி வாங்க மறுத்து, பூட்டிப் பார்க்கும்போது தம்மையும் கூப்பிடும்படி கேட்டுக்கொண்டார்.

பனையிலிருந்த தட்டோடு எங்கள் வேலை ஒரு மாலையில் முடிந்தது. இப்போது அந்த ஏந்தி மாணவர் சிலர் செய்த வானியல் தொலைகாட்டியின் முதுகில் ஏறியிருக்கிறது. பெரிய தொலைகாட்டிக்கு வானத்திலே இடங்காட்டச் சிறிய தொலைகாட்டி ஒன்று வேண்டும். இரண்டும் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும். இரண்டு ஆணியும் எதிரே ஒரு வில்லும் என்ற அதே அமைப்பை இன்று கடையில் விற்கும் வானியற் கருவிகளிலும் காணலாம். ஆணியின் ஒரு சுற்று ஏறத்தாழ மூன்றரைக் கலை. முழுநிலவின் விட்டம் ஏறத்தாழ 31 கலை. குறுக்குக்கம்பியை நிலவின் கீழ்விளிம்பிலே தொடுவித்து, மேல்விளிம்பைத் தொடும்வரை சுற்றுகளை எண்ணுமாறு ஒரு மாணவியிடம் சொன்னேன். நிலவு தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்து பக்கவாட்டிலே ஓடிவிடும். ஆதலின் விரைந்து திருக வேண்டும். கடைச்சற்கார இளைஞர் பக்கத்திலே நின்று உரக்க எண்ணினார். ஒன்பது வந்தது.